புது மண் கொட்டிய கரை: எங்கள் ஏரியில் மூன்று வருடக் களை வேலை

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் இருக்கிறது. காவிரி டெல்டாதான், ஆனால் நாங்கள் கடைமடைக்காரர்கள், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். கல்லணைக் கால்வாயை இங்கே யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டி வந்தது. தொண்ணூறு வருடம் ஆகியும் அது புது ஆறுதான். அந்தத் தண்ணீர் எங்கள் ஏரியில் தேங்கி, மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஏரி கெட்டால் சம்பா இல்லை.

2018 நவம்பர் 16 கஜா புயலில் கரையில் நின்ற புளியமரங்கள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த இடமெல்லாம் பள்ளம். அந்தப் பள்ளங்களில்தான் சீமைக்கருவேலம் முதலில் பிடித்தது. அப்புறம் 2022 கோடையில் ஏரியைத் தூர் வாரினார்கள். அந்த வருடம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்குப் பத்தொன்பது நாள் முன்னதாக, மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 27-ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. தண்ணீர் வருகிறதே என்று வேலையை அவசரமாக முடித்தார்கள். அள்ளிய மண்ணைக் கரைமேல் கொட்டி, பொக்லைன் வாளியால் தட்டிவிட்டு இயந்திரங்கள் கிளம்பிவிட்டன. கெட்டிக்கவும் இல்லை, புல் பதிக்கவும் இல்லை. வடபுறத்தில் மண் எடுத்த இரண்டு குழிகளை மூடாமலேயே விட்டார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு முள் ஒன்றும் வெளியே தெரியாத சுத்தமான கரை. ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். பெரியப்பா மட்டும் கரையில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமேதான் தம்பி வேலயே இருக்கு. வெறும் மண்ணக் கண்டா களை சும்மா விடுமா?"

ஆடிக் கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்தது. எட்டாம் நாள் கரைக்குப் போனால் மண்மேல் பச்சைத் தூள் தூவினது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு விதையிலை, நடுவில் கேரட் இலை போல வெட்டு வெட்டாக ஒரு துளிர். பார்த்தீனியம். ஓர் அடிக்கு ஓர் அடி குச்சியால் கோடு போட்டு எண்ணினேன். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அதற்கு முன்னால் எங்கள் கரையில் பார்த்தீனியம் இவ்வளவு கிடையாது. ரோட்டோரத்தில் அங்கொன்று இங்கொன்று நிற்கும். எப்படி வந்தது என்று யோசித்தால், இயந்திரங்களின் சங்கிலியிலும் டிராக்டர் டயரிலும் ஒட்டி வந்த மண்தான் காரணம் என்று தோன்றுகிறது. அந்த வண்டிகள் அதற்கு முன்பு வேறு ஏரிகளில் ஓடியவை. இந்தச் செடியே இந்த நாட்டுக்கு அப்படித்தான் வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. இறக்குமதி கோதுமையோடு விதை கலந்து வந்தது என்பார்கள். 1955 வாக்கில் புனேயில் கண்டார்கள். ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை போடும். விதை அவ்வளவு சின்னது, காற்றும் தண்ணீரும் சக்கரமும் அதற்குப் போதும்.

முதலில் செய்தது தப்பு. தென்னந்தோப்பில் புல் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய் இரண்டு நாளில் கரை முழுக்க ஓட்டினேன். தரையோடு மொட்டையாக வெட்டியாயிற்று. இருபது நாளில் ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து பக்கக் கிளை விட்டு, முழங்கால் உயரத்தில் பூத்துக்கொண்டிருந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் இடுப்பளவு வளர்ந்து பூத்திருக்கும். வெட்டியதால் சீக்கிரமே, குட்டையாகவே பூத்துவிட்டது. டீசல் செலவும் போனது, விதையும் விழுந்தது.

அதற்கப்புறம் பிடுங்குவதுதான் வழி என்று முடிவு செய்தோம். பிடுங்குவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. மழை பெய்து மறுநாள், மண் இளகி இருக்கும்போது இறங்க வேண்டும். செடியின் நடுவைப் பிடித்து இழுத்தால் கழுத்தில் முறியும், முறிந்தால் மறுபடி தழையும். மண்ணோடு ஒட்டி, இலைகள் ரோஜாப்பூ போல விரிந்து கிடக்கும் அடித்தட்டில் இரண்டு விரலை நுழைத்து, லேசாக ஒரு முறுக்கு முறுக்கி இழுக்க வேண்டும். 'சரக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஆணிவேர் முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்த மண்ணில் அந்தச் சத்தம் வராது, கையில் தண்டு மட்டும்தான் வரும்.

கையுறை இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் பன்னிரண்டு பேர் இறங்கினோம். உள்ளங்கைக்கு மட்டும் பாலித்தீன் பை சுற்றிக்கொண்டோம். எங்கள் அத்தை ஒருத்தருக்கு அன்று ராத்திரியே முழங்கையில் இருந்து கழுத்து வரை தடித்துவிட்டது. பட்டுக்கோட்டையில் காட்டி ஊசி போட்டு, பத்து நாள் ஆனது தடிப்பு ஆறுவதற்கு. பார்த்தீனின் என்ற பொருள் அந்தச் செடியின் இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் இருக்கிறது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும், பூத்த நேரத்தில் மூச்சிரைப்பும் வரும். அதிலிருந்து முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகத்துக்குத் துண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல் என்று வழக்கமாக்கிவிட்டோம். அத்தையை அப்புறம் களை பிடுங்கக் கூப்பிடவே இல்லை. விதை சேகரிக்கும் வேலையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கீழே சொல்கிறேன்.

பூக்காத செடியைக் குழியில் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்து மட்க வைத்தோம். பூத்ததை அப்படிச் செய்யக் கூடாது. எருவோடு விதையும் வயலுக்குப் போய்விடும். அவற்றைத் தார்ப்பாயில் சேர்த்துக் காயவைத்துக் கொளுத்தினோம்.

உப்புக் கரைசலும் அடித்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுதான். நல்ல வெயிலில், செடி சின்னதாக இருக்கும்போது அடித்தால் இரண்டு நாளில் கருகுகிறது. ஆனால் இதைத் தார் ரோட்டின் ஓரத்தில் மட்டும்தான் செய்தேன். கரையில் உப்பை இறைத்தால் அப்புறம் நான் வைக்க நினைக்கும் புல்லும் அங்கே வராது. களைக்கொல்லி மருந்து அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர்கள் மட்டும்தான் அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசே கட்டுப்படுத்திவிட்டது. 2,4-டி அடித்தால் காற்றில் பறந்து பக்கத்துக் காய்கறிக் கொல்லையில் படும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் சரிவில் விழுவது எதுவானாலும் ஒரு மழையில் ஏரிக்குள் போகும். மாடு குடிக்கிற, பிள்ளைகள் குதிக்கிற தண்ணீர். ஏரிக்கு உட்புறம் எந்த மருந்தும் கிடையாது என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம். அதில் இன்று வரை மாற்றம் இல்லை.

ஐப்பசி மழைக்கு அப்புறம் ரோட்டோரப் பார்த்தீனியத்தில் சின்ன வண்டுகளைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள். 1984-இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து விட்ட வண்டு இனம் இது. இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்கிறது. கோடையில் மண்ணுக்குள் போய்விடும், மழை வந்தால் மேலே வரும். இருபது முப்பது பிடித்து டப்பாவில் போட்டுக் கரையின் தென்கோடியில் விட்டேன். மறு வருடம் அங்கே பரவியிருந்தன. இது மட்டும் போதாது. ஆனால் வேலையைக் குறைக்கிறது. வண்டு இருக்கும் செடியைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் 2022 மார்கழியில் கரை மறுபடி பச்சையாக இருந்தது, அதே பச்சை. மூன்று முறை பிடுங்கியிருந்தோம். பிடுங்கும்போது மண் கிளறுகிறது, கிளறிய மண்ணில் உள்ளே கிடந்த விதை வெளிச்சம் பார்த்து முளைக்கிறது. அப்போதுதான் பெரியப்பா சொன்னது சரியாக மண்டையில் ஏறியது. நான் களையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், மண்ணைப் பார்க்கவே இல்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று உட்காராத வரைக்கும் பிடுங்குவது வீண்.

2023-இல் கரையின் மேற்குப் பக்கத்தில் ஐம்பது ஐம்பது அடியாக மூன்று துண்டு பிரித்தேன். ஒன்றில் பிடுங்கி அப்படியே விட்டேன். இரண்டாவதில் தக்கைப்பூண்டு விதைத்தேன், ஏக்கருக்கு இருபது கிலோ என்ற கணக்கில். மூன்றாவதில் கொழுஞ்சியும் ஊசித்தகரையும் கலந்து தூவினேன். கொழுஞ்சியும் தகரையும் அத்தை சேகரித்தவை. தை மாசியில் ரோட்டோரத்தில் காய்ந்து நிற்கும் தகரைக் காய்களைக் கொத்துக் கொத்தாக உருவி, சாக்கில் போட்டு அடித்து, புடைத்து, ஏழெட்டுக் கிலோ வைத்திருந்தார். துத்தி விதையும் ஒரு டப்பா நிறைய. ஒரு பைசா செலவில்லை.

தக்கைப்பூண்டு சீக்கிரம் வந்தது, ஒரு மாதத்தில் முழங்கால் உயரம். ஆனால் ஆடுகள் விடவில்லை. தின்று தின்று மொட்டையாக்கி, இடைவெளி விழுந்த இடத்தில் பார்த்தீனியம் எழுந்தது. கொழுஞ்சி முளைக்கவே இல்லை. விதை கெட்டதோ என்று சந்தேகப்பட்டேன். அதன் தோல் அவ்வளவு கெட்டி, சும்மா தூவினால் வருடக்கணக்கில் கிடக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மீதி இருந்த விதையை உரலில் ஆற்று மணலோடு போட்டு, உலக்கையால் இடிக்காமல் வெறுமனே தேய்த்தோம். விதையின் பளபளப்பு போய் மங்கலாகும் வரை தேய்த்தால் போதும். புரட்டாசியில் அதைத் தூவினோம். ஐந்தாம் நாள் முளை கண்டது.

கொழுஞ்சியின் பெரிய குணம், ஆடு மாடு அதை விரும்பித் தின்னாது. வேர் ஆழமாகப் போகும், கோடை வெயிலிலும் பச்சை மாறாது, காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். தகரை மழைக்காலத்தில் அடர்ந்து நிழல் போட்டுப் பார்த்தீனியத்தைக் கீழே அமுக்கிவிடுகிறது. மார்கழியில் மூன்று துண்டையும் பார்த்தேன். வெறுமனே விட்ட முதல் துண்டில் இடுப்பளவு பார்த்தீனியம். மூன்றாவதில் தேடித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு காட்சிக்காக நான் நாலைந்து பேரை வலியக் கூட்டிப்போய்க் காட்டினேன். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள்தான் முதலில் நம்பினார்கள். மறு வருடம் கரை முழுக்கக் கொழுஞ்சி தூவியது அவர்கள்தான்.

இனி காட்டாமணக்கு. நெய்வேலிக் காட்டாமணக்கு என்றால் எல்லாருக்கும் தெரியும், ஊதாப்பூ பூத்து வாய்க்காலை அடைத்து நிற்குமே, அதுதான். தூர் வாரும்போது தண்ணீரோரம் இருந்ததை இயந்திரம் உடைத்து மண்ணோடு கலந்து கரையில் கொட்டிவிட்டது. அது துண்டு துண்டாகப் போனால்தான் பெருகும் சாதி. 2023 அக்டோபரில் தண்ணீர் இல்லாமல் மேட்டூரைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். ஏரியில் நீர் இறங்கி, ஈரமான சேற்றுப் படுகை வெளியே தெரிந்தது. சரி, நல்ல சமயம் என்று ஆள் வைத்து வெட்டிப் பிடுங்கினோம். பிடுங்கியதை எல்லாம் கரைச் சரிவிலேயே குவித்தோம், காய்ந்து போகும் என்று.

பத்து நாள் கழித்துப் போய் ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமன், ஒடித்தால் பால். ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வெள்ளையாக அரிசி போல வேர்முனை தள்ளியிருந்தது. மண்ணைத் தொட்டுக் கிடந்தவை ஏற்கெனவே ஊன்றிவிட்டன. நாங்கள் பிடுங்கி வைத்தது ஒரு நாற்றங்கால் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி அத்தனையும் பொறுக்கினோம். இந்த முறை தார் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், மூங்கில் பரண் கட்டி, மண்ணில் படாதபடி வேர் மேலே பார்க்க அடுக்கினோம். மூன்று வாரம் பங்குனி வெயில் மாதிரி அடித்தது, காய்ந்தது. காயாமல் இருந்த சிலவற்றை மறுபடி புரட்டினோம். அதற்கப்புறம்தான் எரித்தோம். சேற்றில் விட்டுப் போன சின்னத் துண்டுகளுக்காக மாதம் ஒரு தரம் படுகையைச் சுற்றி நடந்தேன். ஒரு விரல் நீளத் துண்டு கூடத் தழைக்கிறது. ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பசிக்கு இதைத் தின்று பழகிய ஆடு வேறு தீனி இருந்தாலும் இதையே தேடும். நரம்பு கெட்டுத் தள்ளாடும், தலை ஆட்டும். எங்கள் ஊரில் இரண்டு ஆடுகள் அப்படிச் செத்தன.

உள்ளே சுத்தம் செய்தாலும் வரத்து வாய்க்கால் வழியாகக் காட்டாமணக்குத் துண்டும் ஆகாயத்தாமரையும் மிதந்து வந்துகொண்டே இருக்கும். வாய்க்கால் ஏரியில் விழும் இடத்துக்கு முன்னால் மூங்கில் பிளாச்சுகளைச் சாய்வாக நட்டு ஒரு தடுப்பு வைத்தோம். தண்ணீர் போகும், செடி ஒரு பக்கமாக ஒதுங்கும், அங்கிருந்து வாரி எடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் தினமும் வார வேண்டும். ஒரு கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் ஊரில் இல்லை. அதற்குள் ஆகாயத்தாமரை அடைத்து, வாய்க்கால் உடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்றங்காலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. முளைத்துப் பத்து நாள் ஆன நாற்று. ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் வைத்துக்கொண்டு நாலு பேர் இறங்கி அடைப்பை எடுத்தோம். நாற்றுக்காரருக்கு விதை நெல் நான் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து தடுப்புக்கு முறை வைத்தாயிற்று, ஒரு நாளைக்கு ஒரு வீடு.

சீமைக்கருவேலத்துக்கு நாங்கள் அவசரப்படவில்லை. அதுதான் சரியான முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட நேரத்தில் எல்லா ஊரிலும் வெட்டினார்கள். வெட்டியதோடு விட்ட இடங்களில் எல்லாம் ஒன்றுக்கு எட்டாகத் தழைத்தது. மேலே வெட்டினால் சாகாத மரம். மண்ணுக்குக் கீழே வேரும் தண்டும் சேரும் கழுத்தில் முளைக்கண்கள் இருக்கின்றன. அதை ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தால்தான் அடங்கும்.

2024-இல் மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். குறுவைக்காரர்களுக்கு அது பெரிய அடி. எங்கள் ஏரி மட்டும் கூடுதலாக ஒன்றரை மாதம் காய்ந்து கிடந்தது. அந்த நாட்களில்தான் முள் வேலை நடந்தது. ஊராட்சி மூலம் முறைப்படி ஏலம் விட்டு, மரம் எடுத்தவர் அடியோடு எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டோம். விறகு செங்கல் சூளைக்குப் போனது.

முதல் நாளே ஒரு தப்பு நடந்தது. வெட்ட வந்தவர்கள் முள் இருந்ததை எல்லாம் வெட்டினார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் நாலு நாட்டுக்கருவேலம் கீழே கிடக்கிறது. அதில் ஒன்று நான் சின்னப் பிள்ளையில் கோந்து எடுத்துத் தின்ற மரம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து போல உருண்டையாக இருக்கும், நெற்று மணி மணியாகக் கோத்த மாதிரி இருக்கும், முள் நீளமாக வெள்ளையாக ஜோடியாக நிற்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் போல நீண்டு தொங்கும், நெற்று அவரை மாதிரி பட்டையாக, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். அன்று சாயங்காலமே பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து, நாட்டுக்கருவேலம், வேம்பு, புங்கன் எல்லாவற்றிலும் கட்டினேன். சிவப்புத் துணி கட்டியதைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு ஒரு மரமும் தப்பாக வெட்டுப்படவில்லை. உட்புறத்தில் கொக்கு கூடு வைத்திருந்த ஒரு தொகுதி முள்மரத்தையும் விட்டுவைத்தோம். குஞ்சு பறந்த பிறகுதான் அதைத் தொட்டோம்.

கரைமேல் இருக்கும் மரத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கக் கூடாது. வேர் போன வழியெல்லாம் உள்ளே பொந்து விழும். ஏரி நிறைந்தால் அந்தப் பொந்தில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும், கசிவு பெரிதானால் கரை போகும். கையாலேயே தோண்டினோம். கடப்பாரையால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, ஓர் அடி ஆழத்துக்குப் போனதும் கோடாலியால் வேர்க்கழுத்தை வெட்டினோம். பிறகு களிமண்ணை நாலு விரல் கனத்துக்கு நிரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் அடித்து, அதன்மேல் மறுபடி நாலு விரல். ஒரு குழிக்கு ஒரு மணி நேரம் ஆகும். கூலிக்கு வந்தவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் 2024 கார்த்திகை மழையில் ஏரி தளும்பி, கலிங்கு வழிந்தபோது அந்தக் குழிகள் எதிலும் கசிவு இல்லை. ராத்திரி கரையில் நடந்து ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தேன்.

விதைதான் அடுத்த கவலை. சித்திரை வைகாசியில் நெற்று பழுத்து விழும். ஆடுகள் தின்னும், விதை அப்படியே புழுக்கையில் வெளியே வரும். இப்போது பழுக்கும் முன்பே மிச்ச மரங்களின் நெற்றைத் தடியால் தட்டிச் சாக்கில் கட்டி விடுகிறோம். ஆட்டுக்காரர்களும் அந்த இரண்டு மாதம் கரைமேல் ஓட்டுவதில்லை. சண்டை போட்டு வந்தது இல்லை இது, இரண்டு ஆடு செத்த கதைக்கு அப்புறம் அவர்களே ஒத்துக்கொண்டது.

தண்ணீர் அலை அடிக்கும் வரிசையில் வெட்டிவேர் வைத்தோம். கடலூர்ப் பக்கத்திலிருந்து நாற்று வாங்கி, ஐப்பசியில், அரையடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை. விதை போட்டுப் பரவாத புல் என்பதால் அதுவே ஒரு களையாகிவிடும் என்ற பயம் இல்லை. ஒரு வருடத்தில் தூர் பருத்து ஒன்றோடொன்று சேர்ந்து வேலி மாதிரி நின்றது. மேலிருந்து வழியும் மண் அங்கே தங்கிவிடுகிறது. கரையின் வெளிப்புறத்தில் வரிசையாகப் பனங்கொட்டை புதைத்தோம், முந்நூறு கொட்டை. தைப்பொங்கலுக்கு முன்னால் பிள்ளைகள் வந்து கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றுவிட்டார்கள். அவர்களைக் கோபித்து என்ன செய்வது, பனங்கிழங்கு இருக்கும் இடம் தெரிந்தால் எந்தப் பிள்ளை விடும்? மறு வருடம் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்குப் பதினைந்து கொட்டை கொடுத்து, இது உன் வரிசை என்று சொன்னேன். தின்பதற்குத் தனியாக எங்கள் தோப்பில் ஒரு பாத்தி போட்டோம். இந்தத் தடவை கரையில் இருநூற்றுக்கு மேல் குருத்து நிற்கிறது.

முடியாதது வடபுறக் குழிகள்தான். மூடாமல் விட்டுப் போனார்களே, அங்கே தண்ணீர் தேங்கி சம்பு என்ற கோரை அடைத்துவிட்டது. அதன் கிழங்கு சேற்றுக்குள் படர்ந்து கிடக்கிறது, பிடுங்கினால் பாதிதான் வரும். நாங்கள் கண்ட ஒரே வழி, முழங்கால் தண்ணீர் இருக்கும்போது இறங்கி, அரிவாளைத் தண்ணீருக்குள் விட்டுத் தரையை ஒட்டி அறுப்பது. அறுத்த முனை தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது. இலை வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று போகிறது. முனை மூழ்கினால் கிழங்கு அழுகுகிறது. முனை வெளியே நின்றால் பத்து நாளில் மறுபடி எழும். ஒரு குழியில் இரண்டு தடவை அப்படி அறுத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொரு குழியில் ஆழம் அதிகம், இறங்குவது ஆபத்து. அதை மண் போட்டு மூடித் தரும்படி மனு கொடுத்திருக்கிறோம்.

2025 ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்கு முந்தின நாள் மூங்கில் தடுப்பைப் பிரித்து, உளுத்துப்போன ஏழு பிளாச்சுகளை மாற்றினோம். முதல் தண்ணீரோடு வந்தது தேங்காய் மட்டை, ஒரு செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில்கள், இரண்டு கூடை ஆகாயத்தாமரை, காட்டாமணக்குத் துண்டு பதினொன்று. பதினொன்றையும் எண்ணி ரோட்டில் போட்டேன். அன்றைய முறை பெரியப்பா வீடு. அவர் கையில் தடுப்புக் கொக்கியைக் கொடுத்துவிட்டு, கொழுஞ்சி தேய்க்க உரல் கழுவ வேண்டும் என்று அத்தை கூப்பிட்டதால் நான் கிளம்பினேன்.